டிக்கெட் மாமா கடல் கடந்தார்

படகுத்துறைக் கவுண்டரில் உட்கார்ந்து தீவுக்கு டிக்கெட் கொடுப்பவரை எல்லோரும் டிக்கெட் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். டிக்கெட்டைக் கிழித்து நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கும் ரகம் இல்லை அவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, "வயிறு புரட்டுமா?" என்று கேட்பார்.

ஆமாம் என்று தலையாட்டியவரை லேசில் விடமாட்டார். "கீழ்த்தளம், நடு சீட்டு. அங்கதான் ஆட்டம் கம்மி. தூரத்துல கரையையே பாத்துக்கிட்டு உக்காருங்க. போனை நோண்டினீங்கன்னா நான் பொறுப்பில்ல." பின்னால் வரிசை நெளியும். மாமா அசையமாட்டார். அந்தத் தோரணையைப் பார்த்தவர்கள், மனுஷன் பாதி ஆயுளைக் கப்பலிலேயே கழித்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் இல்லையென்று சொன்னதில்லை.

உண்மையில் மாமா படகில் ஏறியது ஒரே ஒரு தடவை, வேலையில் சேர்ந்த புதிதில். கரை மறைவதற்குள் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்தவர், தீவில் இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கியபோதுதான் அதை விட்டார். காலையில் தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்தார். எப்படித் திரும்பி வந்தார் என்பதை அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்க வேண்டாம்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. அந்த அம்மா கடல் எவ்வளவு கொந்தளித்தாலும் வேர்க்கடலையைக் கொறித்தபடி தீவுக்குப் போய் வருவார்.

போவதற்குக் காரணமும் இருந்தது. மகளை அந்தத் தீவில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் அப்பாவைப் பார்க்க வரும்போதெல்லாம் போக வர இரண்டுக்கும் மாமாவே மேல்தளத்து முன்வரிசை ஜன்னல் சீட்டை எடுத்து வைத்துவிடுவார். கடல் முழுதும் தெரியும், காற்று பிய்த்துக்கொண்டு போகும், ஆட்டமும் அங்கேதான் அதிகம். ஊரில் எல்லோரிடமும் கேட்கும் அந்தக் கேள்வியை மகளிடம் மட்டும் அவர் கேட்டதே இல்லை.

கேட்க வேண்டிய அவசியமும் இல்லாதது போலத்தான் இருந்தது. கவுண்டரிலிருந்து படகு தெரியாது, வெளிவாசல் மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் அந்த வாசலில் வெளிறிப்போய்த் தள்ளாடி வரும்போது, அவர் மகள் அப்போதுதான் குளித்துக் கிளம்பியவள் போல வருவாள். மாமாவுக்குத் தலைகால் புரியாது. வரிசையில் நிற்பவர்களிடம், "பாத்தீங்களா, ஒரு முடி கலையல! கடல்காரன் பொண்ணுன்னா சும்மாவா?" என்பார்.

இப்படியிருக்க, மகள் ஒருநாள் போன் செய்தாள்.

"பிரசவம் ஆகுறவரைக்கும் பயணமே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்கப்பா. இந்தத் தடவை நீங்க வாங்க."

"எனக்கு எங்கம்மா லீவு..."

"கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு. ஒரு தடவைகூட என் வீட்டுப் படி ஏறலையே நீங்க. என்மேல ஏதாவது கோபமாப்பா?"

தன் சாக்குகளெல்லாம் அந்தப் பக்கம் இப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று மாமா நினைத்துப் பார்த்ததே இல்லை. "வரேம்மா, கண்டிப்பா வரேன்" என்றார்.

"படகுலதானே? நானே துறைக்கு வந்து நிக்கறேன்."

"பின்ன, வேற எதுல வருவேன்?" என்று வாய் முந்திக்கொண்டது.

வேறொன்றும் இருந்தது. பன்னிரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். பயணிகளை மூட்டையோடு சேர்த்து எடை போட்டு ஏற்றுவார்கள். அதற்குத் தகர டப்பா என்று பெயர் வைத்தவரே நம் மாமாதான். விமானத்தைப் பற்றி விசாரிக்க வந்தவர்களைக்கூடப் பேசியே படகுக்கு இழுத்தவர், இப்போது எந்த முகத்தோடு அதில் ஏறுவார்?

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. வாளியா, தகர டப்பாவா?" என்றார் மனைவி.

மாமா ராத்திரிச் சாப்பாட்டைக்கூடச் சரியாகச் சாப்பிடாமல் யோசித்துத் திட்டம் போட்டார். மனைவி பெட்டிகளோடு படகில் போக வேண்டும். இவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு விமானத்தில் போய், துறைக்குப் பக்கத்தில் ஐஸ் ஃபேக்டரி மறைவில் நிற்க வேண்டும். படகுக் கூட்டம் வெளியே வரும்போது சட்டென்று நடுவில் புகுந்துவிட வேண்டும். இதைக் கேட்ட மனைவி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. நல்ல திட்டம்தான். நடக்கும்."

விமானத்தில் மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயிறு முணுமுணுக்கக்கூட இல்லை. இத்தனை வருஷம் திட்டிவிட்டோமே என்று தகர டப்பாவின் மேல் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

ஐஸ் ஃபேக்டரி ஓரமாக மீன் வாடையில் வெகுநேரம் நின்றார். படகு வந்தது. கூட்டம் வாசலை நெருங்கியதும் உள்ளே நுழைந்து மனைவியின் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, கடலோடு மல்லுக்கட்டி வந்தவர் போல நடந்தார்.

மகள் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். முதலில் அம்மாவைப் பார்த்தாள். தலை கலைந்து, சேலை ஓரம் நனைந்திருந்தது. பிறகு அப்பாவைப் பார்த்தாள். இஸ்திரி போட்ட மடிப்பு அப்படியே இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"பாத்தியாம்மா அப்பாவை? ஒரு முடி கலையல! கடல்காரன் பொண்ணுன்னா சும்மாவான்னு சொன்னாரே, கடல்காரன் மட்டும் சும்மாவா?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வார்த்தை தன்னுடையது என்பது மாமாவுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்போ நீயும்..."

"உங்க துறையில ஒரு பெயின்ட் கடை இருக்குல்லப்பா, வாசலுக்குப் பக்கத்துல? அதுக்குப் பின்னாடிதான் நிப்பேன். கல்யாணமாகி இங்க வந்தப்பவே படகுல செத்துப் பிழைச்சேன். அப்புறம் எல்லாம் தகர டப்பாதான். நீங்க அவ்வளவு ஆசையா சீட்டு எடுத்து வைக்கும்போது எப்படிப்பா சொல்றது?"

நாலு வருஷமாக அந்த ஜன்னல் சீட்டு காலியாகப் போய்க் காலியாக வந்திருக்கிறது. மாமாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பெட்டியைக் கீழே வைத்தார். கண்ணாடியை இறக்கி, அதற்கு மேலாக மகளைப் பார்த்தார்.

"வயிறு புரட்டுமாம்மா?" என்றார்.

"ரொம்பப்பா" என்றாள் மகள்.