அக்கா ஆழம் சொன்ன படகு

கடலோர ஊரான லூமுட்டில் ஒரு படகுப் பட்டறையில் கூலிக்கு வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது மச்சான் போன் பண்ணினார். "மாப்ளே, ஒரு வயர் இழுக்கணும்லா. நீ வந்தாத்தான் ஆவும்." என்ன வயர், எதற்கு என்று சொல்லவில்லை. எனக்கும் அந்த இடம் சலித்துப்போயிருந்தது. மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

மச்சான் என் அக்காவின் புருஷன். இருவரும் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். சரிவில் ஏறி ஏறி அக்காவின் முட்டி போனது. கொழுந்து வெட்டும் மெஷினைத் தூக்கித் தூக்கி மச்சானின் தோள் போனது. அதன்பின் ரிங்லெட் பக்கத்து அணை ஏரியில் இருவருக்கும் ஒரே படகில் வேலை கிடைத்தது. மேலே காய்கறித் தோட்டங்களிலிருந்து வழியும் மண்ணெல்லாம் அந்த ஏரியில்தான் படிகிறது. மண் அள்ளும் மெஷின் எங்கே நிற்கவேண்டும் என்று ஆழம் பார்ப்பது இவர்கள் படகு. முன்பக்கக் கூண்டில் ஆழம் காட்டும் திரை. அதன் எதிரில் உட்கார்ந்து அக்கா எண்ணைக் கத்துவாள். பின்னால் மச்சான் இஞ்சினைப் பிடித்து ஓட்டுவார். அக்காவுக்கு வாழ்க்கையில் உட்கார்ந்து செய்யக் கிடைத்த முதல் வேலை அது.

படகுத்துறைக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. திரையைப் பின்னால் கொண்டுபோய்விட்டால் ஓட்டுகிறவரே பார்த்துக்கொள்வார், அக்கா வேண்டாம். காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் போட்ட கணக்கு. அவனும் தோட்டத்தில் பிறந்தவன்தான்.

"ஒரு போட்டுக்கு ரெண்டு பேரு எதுக்குலா?" என்றான்.

"வயர இழுக்க முடியாதுன்னா?" என்றேன்.

"முடியாதுன்னா ரெண்டு பேரும் எறங்கிக்குங்க. ஆளா இல்ல?"

மச்சானிடம் பாய்ந்தேன். "பொண்டாட்டி வேலையப் புடுங்க மச்சினன வரச் சொன்னீங்களா?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டும் போறதுக்கு ஒண்ணாவது நிக்கட்டும்டா," என்றார்.

அக்கா குறுக்கே வந்தாள். "கத்தாதடா. ஏற்கெனவே இவரே ஒரு தடவ இழுத்து, ஓடுறப்ப திரை அணைஞ்சு, ஏரில முங்கிக் கெடக்குற அடிமரத்துல மோதித் தண்ணிக்குள்ள விழுந்தாரு. நீயாவது ஒழுங்கா செஞ்சு குடு."

மச்சான் செய்திருந்ததைப் பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வரிசையாக நிற்கும் லைன் வீடுகளில் பல்பு கட்டுவது அவர்தான். ஒரு சரத்தின் வாலில் அடுத்த சரத்தை முறுக்கி, கருப்பு டேப் சுற்றி, கடைசி வீடு வரை கொண்டுபோவார். படகிலும் அதையே செய்திருந்தார். திரைக்குப் போகும் கிளைக் கேபிளை வெட்டி, வீட்டு வயரை முறுக்கிப் பின்னால் வரை இழுத்திருந்தார். அப்படி இழுத்தால் பல்பு எரியும். ஆனால் படகில் அந்தக் கேபிள் வழியாகக் கரண்டோடு ஆழத்தின் சேதியும் போகிறது. நீளவேண்டியது நடுவில் ஓடும் மெயின் கேபிள். கிளை குட்டையாகத்தான் இருக்கவேண்டும். மெயினின் இரண்டு நுனியிலும் சேதி திரும்பி அடிக்காமல் தடுக்க ஒரு மூடி உண்டு. நீட்டினால் அந்த மூடியைக் கழற்றிப் புது நுனியில் போடவேண்டும். இல்லையென்றால் திரை நினைத்தபோது அணையும்.

மூடியைப் பழைய இடத்திலேயே விட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. திரை சொதப்பும், அக்கா முன்னாலேயே இருப்பாள். ஆனால் ஏரிக்குள் அடிமரங்கள் அப்படியேதான் கிடக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு மெயினைப் பின்தளம் வரை இழுத்தேன். அங்கே கிளை எடுத்துத் திரையை மாட்டினேன். நுனியில் மூடியைத் திருகினேன்.

ஓட்டிப் பார்க்க நாலு பேரும் ஏறினோம். எண்கள் ஆடாமல் அசையாமல் வந்தன. மச்சானுக்குத்தான் அவை தெரியவில்லை. தூரத்துக் கரை தெரிந்தது, மூக்கடியில் இருந்த எண் மங்கித் தெரிந்தது. கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். குனிந்து கண்ணைச் சுருக்கும்போதெல்லாம் இஞ்சின் பிடித்த கை கோணிப் படகு விலகியது.

"எவ்ளோ ஆழம் மச்சான்?"

"எட்டு அடி."

"மூணுங்க, மூணு!" என்று அக்கா அலறினாள். அதற்குள் படகு சேற்றில் ஏறி நின்றுவிட்டது.

மூங்கிலை ஊன்றித் தள்ளி மீட்டோம். "எந்திரிங்க," என்று சொல்லி அக்கா இஞ்சின் பக்கம் உட்கார்ந்தாள். மச்சானுக்குத் தோள் வலி அதிகமான நாட்களில் கரை திரும்பும்போது அவள்தான் ஓட்டியிருக்கிறாள். ஒரு கண் திரையில், ஒரு கண் தண்ணீரில், நேராகத் துறைக்குக் கொண்டுவந்தாள்.

"அப்ப அக்காவே ஓட்டட்டும். ஒரு ஆளுதானே, எனக்கு யாரா இருந்தா என்ன?" என்றான் சூப்பர்வைசர்.

அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையில் ஸ்பேனர் இருந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அதைப் பைக்குள் போட்டேன்.

மச்சான் தன் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு இறங்கினார். "மத்தியானம் சோறு கொண்டாரவா?" என்று கேட்டார். அவ்வளவு பணிந்த குரலில் அவர் அவளிடம் பேசி நான் கேட்டதே இல்லை.

"நேரத்துக்குக் கொண்டாங்க," என்றாள் அக்கா.

அக்கா மட்டும் இருந்த படகு கிளம்பியது. மச்சான் துறையில் என் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் எண் ஆறிலிருந்து நாலுக்கு இறங்கியிருக்கும். அதைத்தான் அவள் பார்க்கவேண்டும்.