இன்னும் ஒரு ‘பாஸ்’ சொல்லு

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகிப் போன முதல் மழைக்காலத்தில், புனேயை அடுத்த தேஹு ரோடில் நடந்தது இது. என் கணவருக்கு அங்கே ராணுவக் கிடங்கில் கிளார்க் வேலை. வேலூரிலிருந்து போன எனக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. காய்கறிக்காரரிடம் கைஜாடை, பஸ் கண்டக்டரிடம் அசட்டுச் சிரிப்பு, அவ்வளவுதான் என் வெளியுலகம். அதற்கெல்லாம் சேர்த்து வைத்து வீட்டுக்குள் பேசித் தீர்ப்பேன். “உன் நாக்குக்கு ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாதா?” என்று அவர் கேலி செய்வார்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். ஔந்த் பக்கம் ஏதாவது ஒரு நர்சரிப் பள்ளியில் வேலைக்குச் சேர வேண்டும் என்று ஆசை. இங்கிலீஷ்தான் உதைத்தது. அதற்காக அவர் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார். தினமும் ஒரு சின்ன இங்கிலீஷ் வார்த்தை. அதற்கு எத்தனை அர்த்தம் இருக்கிறதோ, ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாமல் முழிப்பவர் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டும். ‘கட்’ என்று எடுத்தால் கரண்ட் கட், ஹேர் கட், கிளாஸ் கட், ஷார்ட் கட் என்று போய்க்கொண்டே இருக்கும். புருஷனைப் பாத்திரம் தேய்க்க வைக்கும் சந்தோஷத்துக்காகவே நான் வேகமாகக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லார் வீட்டுக் கொல்லையிலும் மரப்பலகை அடுக்கியிருக்கும். கிடங்கில் சாமான் வரும் பெட்டிகளை ஏலத்தில் எடுத்து உடைத்த பலகை. அதில்தான் கட்டில், கோழிக்கூண்டு, ஷெல்ஃப் எல்லாம். மிஞ்சியது வெந்நீர் அடுப்புக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், விடாமல் பெய்த மழை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், தார்ப்பாயைத் தூக்கிவிட்டு அடியில் இருந்த காய்ந்த பலகை ஒன்றுக்காகக் கையை உள்ளே விட்டேன். சுருக்கென்று குத்தியது. அந்தப் பலகைகள் முழுக்க ஆணிதான், நானும் ஆணி என்றுதான் நினைத்தேன். விரலைப் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி. நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது.

என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். அவரும் நம் ஊர்க்காரர்தான், ஆனால் அங்கேயே முப்பது வருஷம் இருந்து பழுத்தவர். அக்கம்பக்கத்தவர்களும் கூடிப் பலகைகளைத் தட்டிப் பார்த்தார்கள், எதுவும் தெரியவில்லை. எலியாக இருக்கும் என்றார் ஒருவர். அக்கா மட்டும், எதற்கும் பார்த்துவிடலாம் என்று தெருமுனையில் இருந்த மரத்திலிருந்து வேப்பிலை பறித்து வந்து என் வாயில் திணித்தார்.

“கசக்குதா?”

“ஐயோ, கசக்குதுக்கா!”

“அச்சா, அப்போ ஒண்ணும் பயமில்ல. விஷம் ஏறியிருந்தா கசப்பே தெரியாது. எங்க ஊர்ல இப்பிடித்தான் பாப்பாங்க. போய் நல்லா டீ போட்டுக் குடி.”

எங்கள் ஊரிலும் அப்படித்தான் பார்ப்பார்கள். அதனால் எனக்கும் என் கணவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. கூட்டம் கலைந்தது. அவரே டீ போட்டார். என் முகம் இன்னும் தெளியவில்லை என்று பார்த்து, “அதான் வேப்பிலை டெஸ்ட்ல பாஸ் ஆயிட்டியே! சரி, இன்னைக்கு வார்த்தை ‘பாஸ்’. ஆரம்பி” என்றார்.

பரீட்சையில் பாஸ் என்றேன். கிடங்குக்குள் போகக் காட்ட வேண்டிய கேட் பாஸ் என்றார். நான் பஸ் பாஸ். அவர் ஃபுட்பால் பாஸ். நான் டைம் பாஸ். அவர் பார்லிமெண்டில் சட்டம் பாஸ் ஆவது. நான் சாம்பாரை இந்தப் பக்கம் பாஸ் பண்ணுவது. அவர் மலைக் கணவாய்க்குப் பெயர் பாஸ் என்றார். அது எனக்குத் தெரியாது, எரிச்சலாக வந்தது. அடுத்து ஹைவேயில் லாரியைக் கார் முந்திப் போவதைச் சொல்ல வாயெடுத்தேன். உதடு இரண்டும் ஒட்டவில்லை. ‘பாஸ்’ வரவில்லை. காற்றுதான் வந்தது.

அவர் சிரித்தார். “என்ன, தோக்கப் போறேன்னு மழலை பேசுறியா?”

நானும் சிரிக்கப் பார்த்தேன். குடித்த டீ உள்ளே இறங்காமல் மூக்கு வழியாக வெளியே வந்தது. கண் இமைகள் தாமாக இறங்கின. தூக்கம் இல்லை, மயக்கமும் இல்லை, ஆனால் திறக்க முடியவில்லை. அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தபோது வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. அவர் முகம் மாறியதை இமைகளின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது.

என்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். ஸ்டேஷன் பக்கம் போகிற ஷேர் ஆட்டோ ஒன்றை அக்கா மறித்தார். ஓட்டுநர் மராட்டிக்காரர், நடுவயதுக்காரர். என்னைப் பார்த்ததும் உள்ளே இருந்தவர்களையெல்லாம் இறக்கிவிட்டு, அக்காவோடு எங்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு ஹைவேயில் பெரிய ஆஸ்பத்திரியை நோக்கித் திருப்பினார். “வஹினி, ஜோபூ நகா” என்று வழியெல்லாம் திரும்பித் திரும்பிக் கத்திக்கொண்டே வந்தார். அண்ணி, தூங்காதீங்க என்று அர்த்தம். எனக்குப் புரிந்த முதல் மராட்டி வாக்கியம் அதுதான். நான் தூங்கவில்லை அண்ணா என்று அவரிடம் சொல்லத் தவித்தேன்.

என் கணவர் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “இன்னும் ஒரு பாஸ் சொல்லு. ஒண்ணே ஒண்ணு. சொல்லும்மா” என்று கெஞ்சினார். எனக்குள்ளே பதில் வரிசையாக நின்றது. பாஸ்போர்ட், பாஸ்புக், ரயில்வேக்காரர்களின் ஃப்ரீ பாஸ். ஒன்றும் வெளியே வரவில்லை. வாய் ஓயாதவள் நான். அன்றைக்கு என் வாயில் எச்சிலை விழுங்கக்கூடத் தெம்பில்லை. மூச்சு இழுக்க இழுக்கப் பாதியிலேயே நின்றது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா பார்த்தவுடனே நாகப்பாம்பு என்று சொல்லிவிட்டார். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். தொண்டைக்குள் குழாய் போனது. அதுவரை லேசாகத் தெரிந்த வெளிச்சமும் போய், இமைகள் முழுதாக மூடிவிட்டன. மூச்சு மெஷின் எதுவும் காலி இல்லை என்பதால் குழாயின் முனையில் ஒரு ரப்பர் பையை மாட்டி என் கணவர் கையில் கொடுத்து, இதை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், மருந்து வேலை செய்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது என்று ஹிந்தியில் சொன்னார்கள். அவர் அதைத் தமிழில் தனக்குத்தானே திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எல்லாம் கேட்டது. அதுதான் கொடுமை. கை இல்லை, கால் இல்லை, கண் இல்லை, காது மட்டும் இருந்தது. டிராலி சக்கரத்தின் கிறீச், ஜன்னலுக்கு வெளியே மழை, பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமுவது, எல்லாமே துல்லியமாகக் கேட்டது. ஆனால் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று யாருக்கும் சொல்ல வழியில்லை.

அப்போதுதான் அக்காவின் அழுகுரல் கேட்டது. “கை ஆடல, கண்ணு தெறக்கல. ஜில்லுனு கெடக்கா. போயிட்டாப்பா. உட்டுடு, அவளக் கஷ்டப்படுத்தாத.”

பை நின்றது. என் நெஞ்சு அமுங்கி அப்படியே இருந்தது. அதற்கு முன்பும் சரி, இதுவரையிலும் சரி, அப்படி ஒரு பயத்தை நான் பட்டதில்லை. சாவதைவிட, நான் இருக்கும்போதே இல்லை என்று இவர் நம்பிவிடுவாரோ என்ற பயம். இருக்கேங்க, இங்கேதான் இருக்கேன் என்று உள்ளே அலறினேன். அந்த அலறல் எனக்கு மட்டும்தான் கேட்டது.

நெஞ்சு மறுபடி மேலே ஏறியது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் காதருகே குனிந்து, “உன் சான்ஸ் போச்சு, இப்போ என் டர்ன்” என்றார். “கேட் பாஸ்.” ஒரு அமுக்கல். “பஸ் பாஸ்.” ஒரு அமுக்கல். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு அர்த்தம். நான் சொன்னது, அவர் சொன்னது எல்லாம் தீர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கை மாற்ற வந்தவர்களிடம் கொடுக்கவில்லை. நடுவில் சரக்கு தீர்ந்து, “ஆபீஸ்ல என் பாஸ், அந்த மீசைக்காரர்” என்றார். அது வேறு வார்த்தை, அழுகுணி ஆட்டம் என்று எனக்குக் கோபமே வந்தது. செத்துக்கொண்டிருக்கிறவளுக்கு வருகிற கோபமா அது! ஆனால் அடுத்து என்ன சொல்வாரோ என்று காத்திருந்த வரைக்கும் இருட்டுக்குள் நான் தனியாக இல்லை.

மருந்து கொடுத்துக்கொண்டே இருந்ததில், சாயங்காலம் முதலில் என் புருவம் அசைந்ததாம். பார்த்தவர் அந்த டாக்டரம்மா. அப்புறம் கால் கட்டைவிரல். சில நாள் கழித்துக் குழாயை எடுத்தார்கள். கரகரத்த குரலில் நான் சொன்ன முதல் பேச்சு, “ஆபீஸ் பாஸ் செல்லாது” என்பதுதான். அவர் சிரித்துவிட்டு வெளியே போய் ரொம்ப நேரம் வரவில்லை.

அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆட்டோவை மறித்தவரும் அவர்தான். வேப்பிலைக்கு விஷம் தெரியாது, அவ்வளவுதான். கசக்குதே என்று நம்பி நாங்கள் டீ குடித்த நேரம் என் உயிரையே விலையாகக் கேட்டிருக்கும் என்று டாக்டரம்மா அக்காவிடம் நிதானமாகச் சொன்னார். அதன் பிறகு எங்கள் குவார்ட்டர்ஸில் யாரைப் பூச்சி பொட்டு கடித்தாலும், முதலில் ஆட்டோ பிடிக்க ஓடியவர் அந்த அக்காதான்.

வீட்டுக்கு வந்து பல மாதம் கழித்து என் கணவரிடம் கேட்டேன். “இன்னொண்ணு இருக்கே, செத்துப் போறதைக்கூட ‘பாஸ் அவே’ன்னு சொல்வாங்களே. அது உங்களுக்குத் தெரியாதா? அன்னைக்கு அதை ஒரு தடவகூடச் சொல்லலையே?”

“தெரியும். ஒவ்வொரு தடவையும் அதுதான் முதல்ல நாக்குல வந்து நின்னுச்சு. அதை வெளிய வர விடாம இருக்கத்தான் மத்த எல்லாத்தையும் சொல்லிட்டே இருந்தேன்” என்றார்.

இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் யாராவது கண்மூடிக் கிடந்தால், சுற்றி நிற்பவர்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்று குனிந்து அவர் காதில் ஏதாவது பேசிவிட்டுத்தான் வருவேன். உள்ளே ஓர் உயிர் பயந்து நடுங்கிக்கொண்டு, அடுத்த சொல் வருமா வருமா என்று காத்துக்கொண்டிருக்கலாம் என்பது எனக்குத் தெரியும்.