மலைக்கு மேல் நாலாம் பிறை

எங்கள் தெருவில் மூன்றாம் பிறை தெரியாது. மேற்கே மலை நிற்கிறது. இருட்டிப் பிறை கண்ணில் படுவதற்குள் அதன் பின்னால் இறங்கிவிடும். மறுநாள் நாலாம் பிறை மட்டும் உச்சிக்கு மேலே, யாரும் கூப்பிடாமலேயே, ஜம்மென்று வந்து நிற்கும். மூன்றாம் பிறை பார்த்தால் நல்லது, நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்று நம்புகிற ஊரில் இது எங்கள் தெருவுக்கென்றே வாய்த்த சோதனை. மூன்றாம் நாள் பெரியவர்கள் வேங்கிக்கால் ஏரிக்கரை வரை நடந்துபோய்ப் பிறை பார்த்துவிட்டு வருவார்கள். நாலாம் நாள் மாலையில் அதே பெரியவர்கள் செருப்பைத் தொலைத்தவர்கள் மாதிரி தரையைப் பார்த்தபடியே தெருவில் நடப்பார்கள்.

இப்படிப்பட்ட தெருவில்தான் என் சித்தப்பா தொலைநோக்கி செய்தார்.

சித்தப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அதற்குமுன் முயல் வளர்த்தார், ஆர்மோனியம் கற்றார், காளான் போட்டார். அவருடைய ஆசைகளுக்கு ஆயுசு கம்மி என்று அப்பா சொல்வார். ஆனால் இந்த ஆசைக்குக் கூட்டாளி கிடைத்துவிட்டார். பெரிய கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த பாய், பவர் மிகக் குறைந்த ஒரு பெரிய வில்லையைத் தேய்த்துக் கொடுத்தார். ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன உடைந்த பைனாகுலரிலிருந்து சின்ன வில்லை வந்தது. நடுவில் என் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய். முதலில் ‘வானியல் கழகம்’ என்று பெயர் வைத்தார்கள். எந்தக் கட்சி என்று ஆளாளுக்குக் கேட்டதால் ‘சங்கம்’ என்று மாற்றினார்கள். உறுப்பினர்கள் இரண்டு பேர்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. குழாயை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்து, சைக்கிள் ட்யூப் ரப்பரால் கட்டி, பகலிலேயே மலையைக் காட்டினார்கள். பாறைகள் மேலே இருந்து தொங்கின. ஓர் ஆடு நாலு காலையும் வானத்தில் ஊன்றிக்கொண்டு மேய்ந்தது. நான் கத்திய கத்தலில் அம்மா கரண்டியோடு மாடிக்கு ஓடிவந்தாள். எல்லாம் தலைகீழாகத் தெரிகிற ஒரு குழாய்க்காக ஒரு மாசச் சம்பளமா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

“வானத்தப் பாக்குறவன் எல்லாம் மழைக்குத்தான் பாப்பான். இவன் எதுக்குப் பாக்குறான்னே தெரியலயே” என்றார் அப்பா.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். பௌர்ணமி வேண்டாம், முழு நிலா கண்ணைக் கூசும், பள்ளம் மேடு ஒன்றும் தெரியாது என்றார் சித்தப்பா. பிறையாக இருந்தால்தான் நிழல் விழும், நிழல் விழுந்தால்தான் மலைகள் எழுந்து நிற்கும். மூன்றாம் பிறையை நம் மலை மறைத்துவிடும். ஆகவே அதற்கு அடுத்த நாள். மாசி மாத வியாழக்கிழமை ஒன்றைச் சொல்லித் தெரு முழுக்கக் கூப்பிட்டார். எல்லோரும் கட்டாயம் வருவதாகச் சொன்னார்கள். அம்மா மட்டும் காலண்டரில் தாளைப் புரட்டிப் பார்த்தாள்.

“நாலாம் பிறைக்காடா ஊரையே கூப்புட்டு வச்சிருக்க? நல்ல காரியம் வச்சிருக்கற வீடுடா இது!”

நல்ல காரியம் அத்தைக்கு. அத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தங்கை. வேலூரில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தவளைப் பெண் பார்க்கும் நாளுக்கு வரவழைத்து வீட்டிலேயே வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு வருடம் பாக்கி. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மில் வைத்திருந்த வீட்டிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வியாழனுக்கு அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். படிப்பு என்னாவது என்று யாரும் கேட்கவில்லை. ஒருநாள் வெங்காயம் உரிக்கும்போது அத்தைதான் கேட்டாள், “ஒரு வருஷம் தள்ளிப்போட்டா இன்னா அண்ணி?” என்று. “உங்க அண்ணன் வாக்கு குடுத்துட்டாரும்மா” என்றாள் அம்மா. இருவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. வெங்காயம் காரம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை வந்தது. வீட்டில் யாரும் அண்ணாந்து பார்க்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. தெருவில் அந்திக்கே கதவு சாத்திவிட்டார்கள். விழாவுக்கு வந்தவர் பாய் ஒருவர்தான், ஒரு டின் பிஸ்கட்டோடு.

“எங்களுக்குப் பிறைன்னாலே சந்தோஷந்தான் தம்பி. அதுல நாலு இன்னா, அஞ்சு இன்னா” என்றார்.

நான் பிஸ்கட்டுக்காக ஏறினேன் என்றுதான் அம்மா நினைத்திருப்பாள். எனக்கோ பிஸ்கட் நினைவே இல்லை. பயம் பாதி, ஆசை பாதி. சித்தப்பா என் காதில் ஒரு வழி சொன்னார். பிறை தலைகீழாகத்தானே தெரியும்? அப்படியானால் தோஷமும் தலைகீழாகி நல்லதாகத்தானே வரவேண்டும்? இதைவிடச் சரியான நியாயம் உலகத்தில் உண்டா? ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாயில் மறு கண்ணை வைத்தேன்.

அடேயப்பா! அதுவரை நிலா என்பது எனக்கு ஒரு வெளிச்சம். அன்றுதான் அது ஓர் இடம் என்று தெரிந்தது. கவிழ்ந்த தோணி மாதிரி கிடந்தது. ஓரமெல்லாம் நீலமும் மஞ்சளும் கசிந்தன. வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் வரம்பில் குழிகள், வட்ட வட்டமாக, தோசை வேகும்போது விழும் துளைகளைப் போல. ஒரு குழிக்குள் பாதி நிழல். இருட்டுப் பக்கத்தில் தனியே ஒரு புள்ளி மினுங்கியது. அது ஒரு மலையின் உச்சி, அங்கே இப்போதுதான் விடிகிறது என்றார் சித்தப்பா. அங்கே விடிகிறதாம்! நான் குதித்ததில் குழாய் ஆடி, நிலா அதை விட்டே ஓடிவிட்டது. ஆடாவிட்டாலும் அது நழுவிக்கொண்டேதான் இருந்தது. சித்தப்பா குழாயைத் தள்ளித் தள்ளி அதைப் பிடித்துப் பிடித்துக் கொடுத்தார்.

அந்த நேரத்தில் அத்தை காபி கொண்டுவந்தாள். குனிந்த தலை நிமிராமல் போய்விட்டு வா என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அத்தையும் அப்படியேதான் வந்தாள். டம்ளர்களை வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அண்ணா, இந்தக் கொழா வழியா பாத்தா பலிக்குமா?”

பயந்துபோய்க் கேட்கிறாள் என்று சித்தப்பா உருகிவிட்டார். “பலிக்கவே பலிக்காதும்மா. நடுவுல ரெண்டு கண்ணாடி இருக்குது. தலைகீழா வேற தெரியுது. நீ தைரியமா பாரு.”

“அப்ப வெறுங்கண்ணால பாத்தாத்தானா?”

“பஞ்சாங்கக்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க.”

அத்தை குழாயில் கண்ணை வைத்து, நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டு உடனே எடுத்துவிட்டாள். பிறகு கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று தலையை நிமிர்த்தினாள். மலையுச்சிக்கு மேலே நின்ற பிறையை வெறுங்கண்ணால் பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், அப்படிப் பார்த்தாள். குழாயில் தெரிந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அத்தையின் விஞ்ஞான ஆர்வத்தில் எனக்கு ஒரே பெருமை.

சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தலைக்கு மேலே கார்த்திகை நட்சத்திரத்தைப் பிடித்தார். ஆறு என்று நாங்கள் எண்ணும் இடத்தில் கைப்பிடிப் பொரியை வாரி இறைத்த மாதிரி அத்தனை நட்சத்திரங்கள்! தெற்கே மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்குக் கீழே, யாரோ பீடிப் புகையை ஊதிவிட்ட மாதிரி ஒரு மங்கல். அங்கே புதுப்புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்றார். பாய் “யா அல்லா” என்று அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் அத்தையைக் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை.

“நாளைக்கு இன்னா பிறைண்ணா?”

“அஞ்சு. அதுக்கு ஒரு தோஷமும் இல்ல.”

“அப்ப இன்னிக்கு மட்டுந்தான்” என்று சொல்லிவிட்டு, அது மலையில் இறங்கும் வரைக்கும் அங்கேயே நின்றாள். அம்மா கீழிருந்து கூப்பிட்டதும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அவளைச் சங்கத்தின் மூன்றாவது உறுப்பினராகச் சேர்க்கவேண்டும் என்று சித்தப்பாவிடம் சிபாரிசு செய்தேன்.

அடுத்த ஒரு வாரம் எனக்குப் பரபரப்புத் தாங்கவில்லை. கெட்டது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று காத்திருந்தேன். தெருநாய்கள்கூட என்னைச் சட்டை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூர் வேன் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அப்பா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். நேரம் ஆக ஆக அத்தை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஜன்னல் பக்கமே காதை வைத்திருந்தாள். “பாருடி, அதுக்குள்ள கல்யாணக் களை வந்துட்டுது” என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். நானும் சேர்ந்து கேலி செய்தேன். அப்போது தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. அத்தை எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். வெட்கம் என்றார்கள்.

பங்குனியில் கல்யாணம் நடந்தது. ஒரு தடங்கல் இல்லை, ஒரு துளி மழைகூட இல்லை. சித்தப்பா மண்டபத்தில் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். “இந்த வீட்டுல நாலாம் பிறை பாத்தவங்க இருக்காங்கண்ணா. ஜாம் ஜாம்னு கல்யாணம் நடக்குதா இல்லியா? எல்லாம் மூடநம்பிக்கை!”

எனக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. மணப்பெண் அறைக்கு ஓடினேன். அத்தைக்குத் தலையில் பூ தைத்துக்கொண்டிருந்தார்கள். ஊசி குத்தாமலிருக்கத் தலை குனிந்திருந்தாள். அவள் காதருகே போய் மூச்சிரைக்கச் சொன்னேன்.

“அத்தை, நாலாம் பிறை பாத்தோமே, ஒண்ணுமே ஆவல பாத்தியா!”

அவள் நிமிரவில்லை. என் பாவாடை நாடா அவிழ்ந்து தொங்கியதை இழுத்து இறுக்கிக் கட்டினாள்.

“ஆமாண்டி” என்றாள். “ஒண்ணுமே ஆவல.”

அத்தையே ஒத்துக்கொண்டாள் என்று சித்தப்பாவிடம் சொல்ல ஓடினேன். அவர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அன்று மாடியில் எங்கள் எல்லோரையும்விட அந்தப் பிறையை நம்பிப் பார்த்தவள் அவள்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.