என் கல்யாணத்துக்கு நான் சொன்ன தடை

எங்கள் கடற்கரையில் கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணம் என்றால் ஓலை வாசிக்காமல் நடக்காது. தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரத்தில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது என்று சாமியார் படிப்பார். மாப்பிள்ளையின் கோயிலிலும் படிப்பார்கள், பெண்ணின் கோயிலிலும் படிப்பார்கள். கடைசியில் ஒரு வரி வரும்: இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள். இப்போது ஓலையுமில்லை ஒன்றுமில்லை, கம்ப்யூட்டரில் அடித்த தாள்தான். பெயர் மட்டும் ஓலை.

அந்தக் கடைசி வரியை எங்கள் ஊர் மதிப்பதுபோல வேறு எந்த ஊரும் மதிக்காது. எங்கள் தெருவில் கப்பல் வேலைக்காரன் ஒருவனுக்கு முதல் ஓலை வாசித்த அன்று, மத்தியானச் சோறு வேகுமுன் நாலு பேர் சாமியார் பங்களா வாசலில் நின்றார்கள். மாப்பிள்ளைக்குக் கொச்சியில் ஒரு பெண்ணோடு பழக்கம் என்று ஒருத்தர் சொன்னார். பெண்ணின் தாய்வழியில் வேறு சாதி கலந்திருக்கிறது என்று இன்னொருத்தர் சொன்னார். அவர் வீட்டுக் கல்யாணமா, அவருக்கு என்ன வந்தது? கேட்டால் கடமை என்றார்.

எனக்கு முப்பத்தாறு வயதில் ஓலை வாசித்தார்கள். ஒரு ஈ காக்கா வரவில்லை.

எனக்கு ஆண்கள் மேல்தான் நாட்டம். பெண்கள் மேல் கிடையாது. இதை இப்படிப் பச்சையாக எழுத எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது, ஆனால் ஊருக்குத் தெரிய அவ்வளவு காலம் பிடிக்கவில்லை. அத்தை மகன் ஒருவன் காலேஜ் நாளிலேயே என்னையும் இன்னொரு பையனையும் பழைய துறைமுகத்துப் பக்கம் பார்த்துவிட்டான். அவன் வாயில் எது தங்கும்? முடிவெட்டுகிற கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும், நான் வெளியே வந்ததும் சிரிப்பு கேட்கும். அம்மா என்னைத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த மனுஷன் பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, "ஒரு கல்யாணத்தப் பண்ணி வைங்கம்மா, சரியாப் போயிரும்" என்றார். படித்தவர் பேசுகிற பேச்சா இது! சரியாகப் போகாவிட்டால் அந்தப் பெண்ணை எந்த டாக்டரிடம் கூட்டிப்போவது என்று நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை.

நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருக்கிறேன். வருகிற சரக்குக்கும் போகிற சரக்குக்கும் சுங்கத்துறைக்குப் பேப்பர் போடுவது என் வேலை. ஆணும் ஆணும் சேர்வது குற்றமில்லை என்று கோர்ட் தீர்ப்புச் சொன்ன நாளில் ஆபீஸ் டிவியில் அதே சத்தம். எங்கள் முதலாளி அண்ணாச்சி, "இதெல்லாம் வெளிநாட்டு இறக்குமதிடே, நம்ம ஊர்ல ஏது?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறக்குமதி என்றால் சுங்கத்தில் கொடுத்த பில் ஆஃப் என்ட்ரி இருக்க வேண்டாமா? பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பேப்பரை எழுதுகிறவன் நான். அப்படி ஒரு சரக்கு இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கவில்லை அண்ணாச்சி, இங்கேயே விளைந்ததுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் டீயைக் குடித்துவிட்டு என் மேசைக்குப் போனேன்.

பிறகு இன்னொரு தீர்ப்பும் வந்தது. சேர்ந்து வாழலாமாம், கல்யாணம் மட்டும் உரிமை இல்லையாம். எனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று கோர்ட் சொல்லுகிறது, பிடிக்காத பெண்ணைக் கட்டிக்கொள்வது என் கடமை என்று ஊர் சொல்லுகிறது. இரண்டுக்கும் நடுவில் நான் எங்கே போய் நிற்பது? இதைப் பற்றி டிவியில் எட்டுப் பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள். அதில் ஒருத்தராவது இப்படிக் கட்டிவைக்கப்பட்ட பெண்ணைப் பற்றிப் பேசுவாரா என்று காத்திருந்து பார்த்தேன். விளம்பரம் வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு நான் ஏன் சம்மதித்தேன் என்று கேட்பீர்கள். அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாள். "நீ சரின்னு சொல்லுத வரைக்கும் இந்த மாத்திரையத் தொட மாட்டேன் ராசா" என்று டப்பாவை மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். நாலாம் நாள் எழுந்து நிற்க முடியாமல் கண் செருகிப் போனாள். சரி என்றேன். எழுந்து உட்கார்ந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு காப்பியும் கேட்டாள், சர்க்கரை இல்லாமல்.

பெண் தெற்கே ஒரு கடற்கரை ஊர். ஆத்தூரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் மூன்று நாள் திருமண வகுப்புக்குப் போகவேண்டும், அங்கேதான் அவளிடம் முதலில் தனியாகப் பேசினேன். வகுப்பில் குடும்பம், செபம், சிக்கனம் எல்லாம் சொன்னார்கள். டீ இடைவேளையில் அவள் வேப்பமரத்தடியில் என்னிடம் வந்து, தூத்துக்குடிக்கே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எங்கிட்டச் சொல்லணும்னு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிருங்க. இப்பன்னா தாங்கிக்கிடுவேன். பொறவு தெரிஞ்சாத்தான் தாங்க மாட்டேன்."

"ஒண்ணும் இல்லையே" என்றேன்.

வகுப்பு முடிந்ததும் சாமியார் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். யாருடைய கட்டாயமும் இல்லாமல் முழுமனதோடு சம்மதிக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் சாமி என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். ஒரு கன்டெய்னரில் முந்திரி என்று எழுதி மிளகை ஏற்றினால் எங்கள் தொழிலில் லைசென்ஸ் போய்விடும். இந்தக் கையெழுத்துக்குக் கைகுலுக்கி வாழ்த்தினார்கள்.

முதல் ஓலை வாசித்தார்கள். அந்தக் கடைசி வரி வந்ததும் நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், யாராவது போவார்கள் என்று நம்பினேன். பூசை முடிந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முடிவெட்டுகிறவர்கூட, "ஒரு வழியா ஒழுங்குக்கு வந்துட்டீரு" என்றார்.

இரண்டாம் ஓலையும் போனது. அன்று சாயங்காலம் அத்தை மகனைத் தேடிப்போனேன். பேக்கரி வாசலில் மக்ரூன் தின்றுகொண்டு நின்றான்.

"ஏலே, உனக்கு எல்லாம் தெரியும்லா? நீ போய் சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"எதுக்குலே எனக்குப் பொல்லாப்பு? ரெண்டு பிள்ள பொறந்தா எல்லாம் மறந்து போவும்."

"அந்தப் புள்ள கதி என்னலே?"

"அவளுக்கென்ன? சொந்த வீடு, ஆபீஸ் வேலை மாப்பிள்ள, மாமியா ஒருத்திதான். வேற என்னலே வேணும் ஒரு பொண்ணுக்கு?"

கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். கப்பல்காரனின் கொச்சிக்காரியைப் பற்றிச் சொல்ல அன்று சாமியார் பங்களாவுக்கு ஓடின கால்தானே இது, ஒரு பெண்ணின் மொத்த வாழ்க்கைக்கு இரண்டு தெரு நடக்காதா?

அந்த வாரம் உப்புக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவன் தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று கூப்பிட்டிருந்தான். அவனும் நானும் ஆறு வருஷம் ஒருவரை ஒருவர் விரும்பினவர்கள். அவனுக்கும் இதே மாதிரி ஓலை வாசித்துத்தான் கட்டிவைத்தார்கள், மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் நான். அந்தக் கொடுமையைப் பற்றித் தனியாக எழுதினாலும் என் ஆத்திரம் தீராது. விருந்தில் அவன் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டாள். போட்டுக்கொண்டே, "அண்ணே, இவரு எங்கிட்டப் பேசவே மாட்டேங்காரு. உங்ககிட்டயாவது பேசுவாரா? நான் என்ன தப்புச் செஞ்சேன்னு மட்டும் கேட்டுச் சொல்லுதீங்களா?" என்றாள். பாதிச் சோற்றில் எழுந்தேன். கையைக் கழுவிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, கை குலுக்க வந்தவர்களை விலக்கிக்கொண்டு நேரே சாமியார் பங்களாவுக்குப் போனேன்.

"ஓலைக்குத் தடை சொல்ல வந்திருக்கேன் சாமி."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார். "யாரு கல்யாணத்துக்கு?"

"என் கல்யாணத்துக்கு."

பேனாவை மூடி வைத்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார், அந்த மரியாதையை நான் மறுக்க மாட்டேன். பிறகு, "எங்கிட்டக் கையெழுத்துப் போட்டியேப்பா" என்றார். ஆமாம் சாமி, பொய்க் கையெழுத்து என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "யாரு மானமும் போகாம முடிச்சிருவோம். தவிர்க்க முடியாத காரணம்னு ரெண்டு கோயில்லயும் சொல்லிருதோம். நீ வாயத் திறக்காத" என்றார். அப்பாடா என்று வீட்டுக்கு வந்தேன். அம்மா அழுதாள், மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு கோயிலிலும் அப்படியே சொன்னார்கள். தவிர்க்க முடியாத காரணம்! அந்த வெறும் சட்டிக்குள் ஊர் என்னவெல்லாம் போட்டது தெரியுமா? பெண்ணுக்கு வலிப்பாம். ஆத்தூரில் கூட வேலை பார்க்கும் வாத்தியாரோடு பழக்கமாம். மூன்றாம் ஓலைக்குப் பிறகு நிற்கிறது என்றால் பெண் பக்கம் பெரிதாக ஏதோ இருக்க வேண்டுமாம். மூன்று வாரம் வாயில் மக்ரூனை வைத்துக்கொண்டிருந்த என் அத்தை மகன் இப்போது மணிக்கணக்காகப் பேசினான். என்னைப் பற்றி எல்லாம் தெரிந்த அதே வாய்கள்தான் ஒன்றும் தெரியாத அவளைப் பற்றிப் பேசின. வெட்கங்கெட்ட ஊர். அம்மாவிடம் சண்டை போட்டேன். "நம்ம ஒண்ணும் சொல்லலையே, ஊருல்லா சொல்லுது" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனேன். அவள் அப்பா வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, நாற்காலியை மட்டும் காலால் தள்ளிவிட்டார். அவள் உள்ளேயிருந்து வந்து கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். என்னைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். பிறகு ஊரைத் திட்ட ஆரம்பித்தேன். ஒருத்தனுக்காவது மனசாட்சி இருந்ததா, மூன்று ஞாயிறு இருந்தும் ஒருத்தனாவது வாயைத் திறந்தானா என்று இங்கே எழுதினதையெல்லாம் அங்கே கத்தினேன். அவள் அப்பாவின் ஊசி நின்றுபோயிருந்தது.

அவள் நான் முடிக்கும்வரை பொறுத்தாள்.

"அவங்கள நான் கேக்கலையே" என்றாள். "உங்களத்தான கேட்டேன். டீ குடிக்கையில."

அவள் அப்பா தள்ளிவிட்ட நாற்காலியில் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"மாற்றலத் திருப்பி வாங்க முடியல. ஸ்டாஃப் ரூம்ல நான் உள்ள போனா பேச்சு நின்னுருது" என்றாள்.

அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"எங்கன வச்சு ஓலை வாசிச்சாங்களோ அங்கன வந்து சொல்லுங்க."

அவள் அப்பா, "வேண்டாம் மக்கா, இன்னும் நாறும்" என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் அவள் கோயிலுக்குப் போனேன். பீடத்தில் நின்று பேச விடமாட்டேன் என்று அந்த ஊர்ச் சாமியார் சொல்லிவிட்டார். பூசை முடிந்து ஜனம் வெளியே வரும் நேரம் கொடிமரத்தடியில் போய் நின்றேன். அம்மா நினைப்பு வந்தது, ஆபீஸ் நினைப்பு வந்தது, திரும்பிப் போய்விடலாமா என்றும் வந்தது.

"ஓலையில வாசிச்ச மாப்பிள்ளை நான்தான்" என்றேன். "கல்யாணம் நின்னது என்னாலதான். எனக்கு ஆம்பளைங்க மேலதான் நாட்டம். அது தெரிஞ்சேதான் சம்மதிச்சேன். இந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் கிடையாது."

முன்னால் நின்ற நாலைந்து பேருக்குத்தான் கேட்டிருக்கும். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

அவள்தான். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, வகுப்பில் பின்பெஞ்சுக்காரனைக் கேட்கிற மாதிரி நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து சொன்னேன். போய்க்கொண்டிருந்தவர்களும் நின்றார்கள். தெரிந்தே சம்மதித்தேன் என்ற இடம் வந்ததும் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அத மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.