கறையான் தின்ற செக்ரோல்

நான் பெரிய கிளாக்கர் ஆனதும் செய்த முதல் காரியம் ஆபீசைச் சுத்தம் செய்தது. 

இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டம் அது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் எதையும் தூக்கி எறியாத மனிதர். காய்ந்துபோன மைப்புட்டி, பிடி கழன்ற ரப்பர் முத்திரை, காலாவதியான தபால் அட்டை எல்லாம் அப்படியே கிடந்தன. பின்னறையில் கூரை வரைக்கும் பழைய செக்ரோல் புத்தகங்கள். தோட்டத்து ஆட்கள் எல்லாருடைய பெயரையும் எழுதி, இன்றைக்கு வேலைக்கு வந்தாரா வரவில்லையா என்று தினமும் குறித்து வைக்கிற பெரிய புத்தகம்தான் செக்ரோல். எத்தனையோ வருஷத்துப் புத்தகங்கள் அங்கே ஈரம் குடித்துக் கிடந்தன. அதற்குள் எலி குட்டி போட்டிருந்தது.

எனக்கோ ஒழுங்கு என்றால் பைத்தியம். கடிதம், தபால், பிறப்பு இறப்புப் பதிவு, தாள், பென்சில், பியோன் என்று ஆபீசில் இருப்பது எல்லாம் என் பொறுப்பு. பென்சிலைக்கூட நீளப்படி அடுக்கி வைப்பேன். ராகலைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகன், இந்த நாற்காலி வரைக்கும் வந்துவிட்டான் என்ற திமிரும் கூடவே இருந்தது. நாற்பத்து நாலாம் வருஷத்துக்கு முந்திய செக்ரோல்களை அழித்துவிடலாம் என்று ஒரு குறிப்பு டைப் செய்து தோட்டத்துத் துரையிடம் நீட்டினேன். அவர் சீமைக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

புத்தகங்களைச் சாக்கில் கட்டி, தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் இலை காய வைக்கிற அடுப்புக்குச் சுமந்துபோனவர் ஒரே ஆள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர், என் வயதுதான் இருக்கும். அன்று நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது கை தானாகவே அவர் என்று எழுதுகிறது. இரண்டு நாள் சுமந்தார். கடைசிச் சாக்கை எடுக்கும்போது மட்டும் நின்று, “ஐயா, இதுல எங்க பேரெல்லாம் இருக்குமுங்களே” என்றார்.

“உன் பேரை எலி தின்னுறதுக்கு முன்னாடி நெருப்புத் தின்னட்டும். தூக்கு” என்றேன்.

பின்னறை பளபளவென்று ஆனது. அந்த வாரம் முழுக்க நான் காரணமே இல்லாமல் அந்த அறைக்குள் போய்ப் போய் வந்தேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷமே, இந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அடுத்த வருஷம், விண்ணப்பம் போட்டால் யோசிக்கலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை விளக்கிய சுற்றறிக்கை எங்கள் தபால் பையில் வந்தபோது நான் நின்றுகொண்டேதான் வாசித்தேன். இங்கே பிறந்தால் மட்டும் போதாது. குடும்பஸ்தர்கள் முப்பத்தொன்பதாம் வருஷத்திலிருந்து இடைவிடாமல் இங்கேயே இருந்ததைக் காட்ட வேண்டும். காட்டுவதற்குத் தோட்டத்தின் செக்ரோல் நல்ல அத்தாட்சி.

வாசித்து முடித்ததும் உட்கார்ந்தேன்.  எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அந்த ஆள் நான்தான்.

துரை சீமைக்குப் போய்விட்டார். ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்து அடுப்பைத் திறந்துவிட்ட டீமேக்கர் வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டார். நான் எழுதிய குறிப்பின் கார்பன் பிரதி பைலில் இருந்தது. அதை உருவி, மடித்து, சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். என்ன தாள் என்று மனைவி கேட்டாள். குப்பை என்றேன். நானும் ஒரு விண்ணப்பதாரன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வேலை போனால் குவாட்டர்ஸ் போகும். பொய்யன் என்று பெயர் வந்தால் என் விண்ணப்பமும் போகும். மூன்று பிள்ளைகளோடு எந்தக் கப்பலில் ஏறுவது?

அதன் பிறகு எனக்குப் பயமே பிழைப்பாகிவிட்டது. ஆபீஸ் வாசலில் கார் நின்றால் கை வேர்க்கும். புதுத் துரை, “பழைய…” என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினாலே காது அடைத்துப்போகும். அவர் பழைய கூரைத் தகரத்தைப் பற்றித்தான் கேட்டிருப்பார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழி, வீடு, கோயில் எல்லா இடத்திலும் பயம்தான்.

ஆட்கள் கொத்துக் கொத்தாக விண்ணப்பத்தோடு வந்தார்கள். பாதிப் பேருக்குப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவு இருந்தது, சிலரின் பெயர் பள்ளிக்கூடப் பதிவேடான இடாப்பில் இருந்தது. அதையெல்லாம் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தேன். நல்ல ஐயா என்று பெயர் வாங்கினேன். ஒவ்வொரு முறை அந்தப் பெயரைக் கேட்கும்போதும் அடுத்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு குனிந்துகொண்டேன்.

சாக்குச் சுமந்தவரின் விஷயம்தான் வேறு வழியில்லாமல் சிக்கிக்கொண்டது. முப்பத்தொன்பது மாசியில் தங்கை கல்யாணத்துக்கு என்று திருச்சிப் பக்கம் போனவர், இரண்டு மாதத்தில் திரும்பிவிட்டதாகச் சொன்னார். திரும்பி வந்ததற்குச் சீட்டு எதுவும் அவர் கையில் இல்லை. மூத்த பிள்ளை பிறந்ததோ நாற்பத்திரண்டில். நடுவில் அவர் இங்கே இருந்தாரா அங்கே இருந்தாரா என்று சொல்லக்கூடியது அந்த வருஷத்துச் செக்ரோல் ஒன்றுதான். நுவரெலியாவில், அரசாங்கக் கச்சேரியில் விசாரணை. அவரும் மனைவியும் வர வேண்டும். பழைய செக்ரோலோடு பெரிய கிளாக்கரும் வர வேண்டும் என்று எனக்கும் ஓலை வந்தது.

கொட்டகலை ஸ்டேஷனில் அவர் என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். உள்ளே செக்ரோல் இல்லை என்பது பையின் கனத்திலேயே தெரிந்திருக்கும். எனக்கு முன்னால் நடந்தார். நான் இரண்டாம் வகுப்பில் ஏறினேன், அவர்கள் மூன்றாம் வகுப்பில். நானுஓயாவில் இறங்கி பஸ்ஸுக்கு நின்றபோது, அவர் மனைவி துணியை அவிழ்த்து ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் எடுத்து நீட்டினாள்.

“சாப்பிடுங்கய்யா. வெறும் வயித்தோட போகக்கூடாதுங்க.”

வேண்டாம் என்று சொல்லவும் பயமாக இருந்தது. வாங்கித் தின்றேன். 

“ஐயா, அங்க என்ன கேட்டா என்ன சொல்லணுங்க?” என்று அவர் கேட்டார்.

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த முதல் இடம் அது. எரித்தது நான், அதைச் சொல்லிவிடு, நானும் சொல்கிறேன் என்று பஸ்ஸுக்கு நின்ற அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு” என்றேன்.

விசாரணை ஐயா லேசுப்பட்டவர் இல்லை. மெல்லிய குரல், கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பார்வை. ஆங்கிலத்தில் கேட்பார், பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார். என்னை வேதப்புத்தகத்தில் கை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். புத்தகத்தின் தோலட்டை குளிர்ந்திருந்தது.

“முப்பத்தொன்பதாம் வருஷத்துச் செக்ரோல் எங்கே?”

“இல்லை, சேர்.”

“என்ன ஆனது?”

“கறையான் அரித்துவிட்டது, சேர்.”

வீட்டில் கண்ணாடி முன்னால் பத்து முறை சொல்லிப் பார்த்த வாக்கியம் அது. வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் எழுதினார். பிறகு பேனாவை வைக்காமலே சாக்குச் சுமந்தவர் பக்கம் திரும்பினார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: “நீர் அந்தத் தோட்டத்திலேயே இருக்கிற ஆள். பழைய புத்தகங்களுக்கு என்ன நடந்தது என்று உமக்குத் தெரியுமா?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என்னைத்தான் குடைவார்கள் என்று தயாராக வந்திருந்தேன். அவரைக் கேட்பார்கள் என்று புத்திக்கு எட்டவே இல்லை. தோட்டத்தில் யாரும் அவரிடம் எதையும் கேட்பது கிடையாது, அதுதான் காரணம். இரண்டு நாள் தலையில் சுமந்த ஆள், ஒரே சாட்சி, என்னிடமிருந்து இரண்டு முழத் தூரத்தில் நிற்கிறார். ஒரு வார்த்தை போதும்.  கால் மாற்றி நின்றால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அசையாமல் நின்றேன். மாதாவே, அவர் வாயை அடைத்துவிடு என்று வேண்டினேன். அப்படித்தான் வேண்டினேன், மறைக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று கேட்பதற்காகப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

“பெரிய கிளாக்கர் ஐயா சொன்னா சரியாத்தாங்க இருக்கும். கறையாந்தாங்க.”

“கண்ணால் பார்த்தீரா?”

“பார்த்தேங்க.”

அதையும் எழுதிக்கொண்டார்கள். அவர் அதன் கீழே பெருவிரலை வைத்தார். ஒரு வெள்ளைக்காரனுக்கோ, ஒரு டவுன்காரனுக்கோ இது விளங்காது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போடுவானா என்பார்கள். பெரிய கிளாக்கர் ஒன்று சொன்ன பிறகு அதே அறையில் நின்று வேறொன்று சொல்வது என்பது அவருக்குத் தெரியாத வேலை. அவர் அப்பாவுக்கும் தெரியாது. அவர் பொய் சொன்னதாகக்கூட நினைத்திருக்கமாட்டார்.

அவர்கள் வெளியே போனதும் விசாரணை ஐயா என்னிடம் ஆங்கிலத்தில், மனிதருக்கு மனிதர் பேசுவதுபோலச் சொன்னார். தோட்டமே புத்தகத்தை அழித்திருந்தால் அது தொழிலாளியின் குற்றமில்லை, துரையிடம் சத்தியக் கடதாசி கேட்டு வாங்கி வேறு விதமாகப் பார்த்திருக்கலாம், கறையானிடம் என்ன வாங்குவது என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இரண்டாவது இடம். “யெஸ், சேர்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். எத்தனை தரம் என்று கேட்டார். ஒரு தரம் என்றேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அவ்வளவு மலிவாக முடிந்தது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. ராகலைப் பள்ளிக்கூடத்து இடாப்பும் கோயில் ஞானஸ்நானப் புத்தகமும் பத்திரமாக இருந்தன. அவற்றை வைத்திருந்தவர்களுக்குச் சுத்தம் செய்கிற பைத்தியம் இல்லை.

சாக்குச் சுமந்தவருக்கு முடிவுக் கடிதம் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஆட்களுக்கு வருகிற ஆங்கிலக் கடிதத்தை வாசித்துச் சொல்வதும் என் வேலைகளில் ஒன்று. வெளியே மழை. அவரும் மனைவியும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். நான் உள்ளே இருந்து வாசித்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்ற வரியைத் தமிழில் சொன்னேன். மூன்று மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம் என்பதையும் சொன்னேன். நடுவில் ஒரு வரி இருந்தது. பதிவேடு கறையானால் அழிந்தது என்று விண்ணப்பதாரரே உறுதி செய்திருக்கிறார் என்பது அந்த வரி. அதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

“காரணம் ஏதாச்சும் போட்டிருக்காங்களாய்யா?” என்று கேட்டார்.

“அத்தாட்சி பத்தாதுன்னு போட்டிருக்கு.”

தாளை நீட்டினேன். கை நடுங்கியதில் அது படபடவென்று அடித்தது. அவர் தாளைப் பார்த்தார். அவர் மனைவி என் கையைப் பார்த்தாள். அது வரைக்கும் ஆபீசில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிராத மனுஷி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:

“நீங்க பயப்படாதீங்கய்யா. அன்னைக்கு இவரு சொன்னத எங்கயும் மாத்திச் சொல்ல மாட்டோம்.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு இருவரும் மழையில் தாங்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் நடந்தார்கள்.

அப்பீலுக்கு மூன்று மாதம் இருந்தது. எரித்தது நான் என்று ஒரு தாளில் டைப் செய்து கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். மெஷினில் பலமுறை தாளை மாட்டினேன். தேதி வரைக்கும் அடித்தேன். அதற்கு மேல் ஓர் எழுத்துக்கூட அடிக்கவில்லை.