கடைசி பெஞ்சில் இருவர்

வெள்ளைத் துணி மூடிய எவர்சில்வர் தட்டு அது. உள்ளே, அப்பம் என்று நாங்கள் சொல்லும் ரொட்டித் துண்டுகள். சபையார் அப்பம் பகிர்ந்து உண்ணும் திருவிருந்து ஞாயிறன்று அந்தத் தட்டு என்னை நெருங்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். காரைக்குடியில் எங்கள் சின்னச் சபைக்கு என் மாமனார்தான் போதகர். அந்தக் காலத்தில் கடல் தாண்டி அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன் போதகர்களைப் பற்றிய புத்தகங்களிலேயே ஊறியவர். அவர்களைப் போலவே கிறிஸ்துமஸ் கொண்டாட மாட்டார்; வீட்டில் நட்சத்திரம் தொங்காது. தேவன் தன்னை இரட்சிப்புக்கென்று தேர்ந்தெடுத்திருப்பதை உணர்ந்த விதத்தைச் சபை முன் எழுந்து சொன்னவர்களுக்கு மட்டுமே அப்பம் கொடுப்பார். ஆளுக்கொரு கதை இருந்தது. லாரி கவிழ்ந்து பிழைத்தது, காய்ச்சலில் ஒளியைக் கண்டது.

என்னிடம் கதை இல்லை. ஒக்கூரில் சாமி கும்பிடும் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, காதலித்தவருக்காக ஞானஸ்நானம் பெற்றவள் நான். நம்பிக்கை இருந்தது; அடித்துச் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒப்புக்கு ஏதாவது சொல்லிவிடு என்றார் கணவர். போதகர் வீட்டு மருமகளைப் பற்றிச் சபை என்ன பேசும் என்று பயந்தேன். பொய் சொல்லி அப்பம் தின்ன அதைவிடப் பயம்.

ஒரு ஞாயிறு மாமா என் கதையைச் சொல்லும்படி பெயர் சொல்லி அழைத்தார். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தேன்.

"கேக்குறீக மாமா. எனக்கு நிச்சயமாச் சொல்லத் தெரியல."

  மாமா கையிலிருந்த தட்டைச் சபை மூப்பரிடம் கொடுத்துவிட்டு, இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் தெரியல தாயி. நான் எல்லாரையும் கேட்டேன். என்னைய யாரும் கேக்கல."

பெரிய பாவம் எதையோ மறைக்கிறார் என்று ஊர் பேசியது. பதவியை விட்டார். அதன்பின் வாராவாரம் கடைசி பெஞ்சில் நாங்கள் இருவரும். தட்டு வந்தால் தொடாமல் நகர்த்திவிடுவார், நானும். சில நாள் வீட்டில் சாப்பிடும்போது அவர் கை பாதியில் நின்றுவிடும். தேவன் தேர்ந்தெடுக்காமல் தள்ளிவிட்டவர்களில் தானும் ஒருவனோ என்ற பயம்தான் அது. 

இப்போது படுத்த படுக்கையாகிவிட்டார். டாக்டர் கையை விரித்துவிட்டார். போன வாரம் புதிய போதகர் அதே தட்டோடு வீட்டுக்கு வந்தார். இவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. மாமா ஒரு துண்டை வாங்கினார். வாயில் வைக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ எடுக்கலையா தாயி?"

இன்றும் எனக்கு எதுவும் நிச்சயமில்லை. ஒரு துண்டை எடுத்து நான் முதலில் வாயில் போட்டேன். அவரும் தன் துண்டை வாயில் வைத்து மெல்லும்வரை விழுங்காமல் காத்திருந்தேன்.