பக்கத்துச் செல்லின் பழுப்பு

டோரீன் கோவல்சுக் பனித்தரையில் கல் தள்ளும் கர்லிங் நன்றாக ஆடுவாள், நன்றாக ஊறுகாய் போடுவாள் என்று இரங்கல் செய்தியில் எழுதியிருந்தார்கள். வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கனடாவில், வினிபெக்கின் ஆஸ்பத்திரி லேபில் முப்பத்தோரு வருடம் நோயாளிகளின் திசுத் துண்டுகளுக்குச் சாயம் போட்டவள் அவள். பத்தொன்பது வருடம் பக்கத்து மேசை எனக்கு. அவளிடம் பாராட்டு வாங்குவது கல்லில் நார் உரிப்பதுதான். நான் சாயம் போட்ட திசு ஒட்டிய கண்ணாடித் துண்டைத் தூக்கிப் பார்த்து, "இதைச் சாயத்துல முக்குனியா, டீயிலயா?" என்பாள்.

கடைசியில் அவளுக்கே சினைப்பையில் கட்டி. அறுத்தெடுத்த துண்டு எங்கள் லேபுக்கே வந்தது. அது மெதுவாக வளரும் வகையா, ஆளைக் கொல்லும் வகையா என்பதுதான் கேள்வி. கட்டியை அடக்கி வைக்கும் பி53 என்ற புரதம் ஒழுங்காக இருந்தால் செல்கள் அங்கங்கே பழுப்பாகும். கெட்டிருந்தால், அதாவது கொல்லும் வகையென்றால், எல்லாமே கரும்பழுப்பாகும், அல்லது ஒன்றுகூடப் பழுப்பாகாது. சாயம் போட்டது நான்.

புது டாக்டர் ரிப்போர்ட்டில் "பி53 நெகட்டிவ்" என்று மொட்டையாக எழுதிவிட்டார். அதைப் போனில் பார்த்த அவள் கணவன் ஓரெஸ்ட், ஒன்றுமில்லை என்று அர்த்தம் செய்துகொண்டு, மகளை வரவழைத்து, மதியத்துக்குப் பெரோகிக் கொழுக்கட்டை வேகவைத்தான். டோரீன் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு லேபுக்குப் போன் செய்தாள்.

கட்டியில் பழுப்பே இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். சாயம் பிடிக்காமல் போயிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். அவளுக்கு மிச்சமிருந்த நம்பிக்கை அது ஒன்றுதான். நான் சொதப்பியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நுண்ணோக்கியில் குனிந்தேன்.

"பக்கத்துல இருக்குற நல்ல செல்லு?" என்றாள்.

சாயம் பிடித்திருந்தால் அவற்றில் பழுப்பு இருந்தாக வேண்டும். அங்கங்கே இளம்பழுப்பு தெரிந்தது. பொய் சொல்லியிருப்பேன். ஆனால் மறுநாளே வந்து கண்ணாடியைக் கேட்பாள்.

"பழுப்பாத்தான் இருக்கு."

போனில் அவளுக்குப் பின்னால் ஓரெஸ்ட் சிரிப்பது கேட்டது.

"அவர் சாப்பிடட்டும், நாளைக்குச் சொல்லிக்கிறேன்," என்றாள். பிறகு, "சாயம் சரியா பிடிச்சிருக்குடி. நல்லா போட்டிருக்க," என்றாள்.